ஆமா வாங்கும் மேசை

9 அக்டோபர் 2023, திங்கள், காலை 9.40

வகுப்பில் அறுபத்து மூன்று பேர். மின்விசிறி ஏழு, ஓடுவது நான்கு. ஆசிரியர் 9.30க்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சும்மா உட்கார எனக்கு வராது, அதனால் இந்த நோட்டு.

நான் கார்வேந்தன். வயது இருபத்தேழு, படித்தது மெக்கானிக்கல். எண்ணெய் மில்களுக்கு எக்ஸ்பெல்லர் என்னும் பிழியும் இயந்திரம் செய்து விற்கும் கம்பெனியில் ஐந்து வருடம் சர்வீஸ் இன்ஜினியர். ஆகஸ்டில் வேலையை விட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் சலிப்பு என்று சொல்லியிருக்கிறேன். மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு இந்த பைபாஸ் ரோட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஓசூரிலும் ஒரு வேலை காத்திருக்கிறது. பழைய கம்பெனி எம்.டி.யே சொல்லிவைத்தது. நவம்பர் 16க்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே இந்தக் கல்லூரிக்கு ஐந்து வார அவகாசம். இயந்திரம் வாங்கப் போகிறவன் பார்ப்பதுபோலப் பார்த்து மதிப்பெண் போடப் போகிறேன். ஆசிரியர், நூலகம், கட்டடம், இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கேன்டீன். தலைக்குப் பத்து.

9.52க்கு ஆசிரியர் வந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். ஒரு மதிப்பெண் கூட்டினேன்.

10 அக்டோபர், செவ்வாய்

கட்டடம் 4. கேன்டீன் 6, தக்காளி சாதம் நன்றாக இருக்கிறது. பக்கத்து இருக்கை லோகு, பி.காம். முடித்தவன், வாய் ஓயாது. என் பேர் தெரிந்தும் ‘இன்ஜினியரே’ என்றுதான் கூப்பிடுகிறான்.

12 அக்டோபர், வியாழன்

நூலகத்தின் பின்னறையில் நீளமாக ஒரு மேசை. தினமும் நான்கு மணிக்கு மாணவர்கள் அங்கே கூடி வாதம் செய்கிறார்கள். ஆசிரியர் யாரும் வருவதில்லை. நடத்துவது ஹசீனா, மூன்றாம் வருடம். பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். எல்லோருக்கும் அக்கா.

மேசைக்கு ஒரே விதி. எதிராளிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னதை நீ சொல்லிக் காட்ட வேண்டும். அவர் கேட்டுவிட்டு ‘ஆமா’ என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே உன் வாதம். மூன்று தடவைக்குள் ஆமா வாங்காவிட்டால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

இன்றைய விஷயம்: ஒரு வீட்டு மரம் வீதியில் நின்ற பைக்கின் மேல் விழுகிறது, யார் பொறுப்பு? லோகு மரத்துக்காரருக்கு எதிராகப் பேசினான். எனக்குப் பொறுக்கவில்லை.

“வண்டியை மரத்தடியில நிறுத்தினவன் மேலதான் தப்பு.”

“அது உன் கட்சி,” என்றார் ஹசீனா. “லோகு என்ன சொன்னான்?”

“மரத்துக்காரர் தரணும்னான்.”

“ஆமாவா லோகு?”

“இல்லீங்கக்கா.”

“மரம் விழுந்தா மரத்துக்காரர் பொறுப்புன்னான்.”

“இல்லீங்க. இன்ஜினியர் காதுல கிரீஸ் அடைச்சிருக்குதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் தவறினேன். லோகு சொன்னது இதுதான்: மரம் பட்டுப்போய் ஆறு மாதம் ஆகிறது, அது வீட்டுக்காரருக்குத் தெரியும், தெரிந்தும் விட்டதுதான் தவறு. ‘தெரிந்தும்’ என்ற பகுதி என் காதில் ஏறவேயில்லை.

உட்கார்ந்தேன். நேர விரயம்.

13 அக்டோபர், வெள்ளி

மறுபடியும் உட்கார வைத்தார்கள்.

17 அக்டோபர், செவ்வாய்

நூலகத்துக்கு 5 போட்டிருந்தேன். இன்று 9 ஆக்கினேன்.

தீர்ப்புத் தொகுதிகள் உள்ள அலமாரியில் முதுகுத் தோல் உரிந்த ஒன்றை எடுத்துத் தூசி தட்டினேன். சுதந்திரத்துக்கு முந்தைய வழக்கு. ஏதோ ஒரு பஞ்சாலையில் ஒரு கூலிக்காரரின் பெருவிரல் போயிருக்கிறது. பல் சக்கரம் எங்கே இருந்தது, அவர் எந்தப் பக்கம் நின்றார், விளக்கு எரிந்ததா, மேஸ்திரி என்ன சொன்னார் என்று பதினோரு பக்கம். நான் பென்சிலால் ஓரத்தில் படம் போட்டுப் பார்த்தேன். சக்கரம், கை, வெளிச்சம் எல்லாம் சரியாகப் பொருந்தின. அந்த நீதிபதிகள் இயந்திரம் படித்தவர்கள் இல்லை. கேட்டுக் கேட்டே அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த மனிதர் செத்து எவ்வளவோ காலம் இருக்கும். அவருடைய விரலுக்குப் பக்க எண் இருக்கிறது. இன்றைக்கும் ஒரு வக்கீல் எழுந்து அந்தப் பக்கத்தைச் சொன்னால் நீதிமன்றம் நின்று கேட்க வேண்டும்.

நான் ஐந்து வருடத்தில் ஏறத்தாழ இருநூறு அறிக்கை எழுதியிருப்பேன். ஒன்றிலும் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதியதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

23 அக்டோபர், திங்கள், ஆயுத பூஜை

ஸ்பானர் செட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் வைத்தேன். பக்கத்தில் அரசியலமைப்புப் புத்தகம். இரண்டுக்கும் ஒரே சூடம்.

எம்.டி. கூப்பிட்டார். “ஓசூர்ல கேட்டுட்டே இருக்காங்கப்பா. கோட்டுப் போடற ஆசையெல்லாம் இன்னும் தீரலையா?” அப்புறம், ஃபோனை வைக்கப் போகும் நேரத்தில், “அந்தக் காங்கயம் மில்லுக் கேஸ்ல உன்ற ரிப்போர்ட்தான் நின்னு பேசுதாம். ஓனர் ரொம்ப சந்தோசம்.”

அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. சுண்டல் நன்றாக இருந்தது.

26 அக்டோபர், வியாழன்

கவனக்குறைவு பற்றிய வகுப்பு. பொதுவாகத் தெரிந்துகொள்வதற்காக ஒரு கேள்வி கேட்டேன். ஒரு நிபுணர் அறிக்கை கொடுத்துவிட்டார், அதில் பிழை இருக்கிறது, பிறகு என்ன ஆகும்?

ஆசிரியர் சொன்னார்: “எழுதினவரைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கற வரைக்கும் அது காகிதம்தான். அதுல என்ன எழுதியிருந்தாலும்.”

எங்கள் தொழிலில் அறிக்கை போய்விட்டால் வேலை முடிந்தது. இங்கே அறிக்கை வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஒரு காகிதத்தை நம்புவதா வேண்டாமா என்பதற்காக ஒரு படிப்பு, ஒரு கட்டடம், இத்தனை மேசை நாற்காலி. இது எனக்கு எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது?

மாலை மேசையில் முதல் ஆமா வாங்கினேன். இரண்டாம் தடவையில். லோகு எழுந்து நின்று கும்பிட்டான்.

28 அக்டோபர், சனி

சனிக்கிழமைகளில் கல்லூரியில் இலவசச் சட்ட உதவி மையம் நடக்கிறது. வழக்கை நடத்துவது மையத்து வக்கீல். வருகிறவர்கள் சொல்வதை எழுதி எடுப்பது மாணவர்கள். அங்கேயும் மேசை விதிதான். எழுதியதைப் படித்துக் காட்டி, சொன்னவர் ‘ஆமா, இதுதான் நான் சொன்னது’ என்ற பிறகே கையெழுத்து.

தோட்டத்துக்குப் போகும் தடத்து வழிப் பிரச்சினைக்காக ஒருவர் வந்தார். ஹசீனா அவருக்கு நான்கு முறை படித்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அவர் தன் கதையில் ஒரு வேலியை நகர்த்தினார். கடைசியில் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, “இத்தன வருசத்துல இப்பத்தான் எனக்கே வெளங்குதுங்க,” என்றார்.

திரும்பும் வழியில் ஹசீனாவிடம் கேட்டேன், இது சலிக்காதா என்று.

“ஆபரேசன் தியேட்டர் வாசல்ல எத்தன பேருகிட்டக் கையெழுத்து வாங்கியிருப்பேன் தெரியுமா? ஒருத்தருக்கும் படிச்சுக் காட்டுனதில்ல. டாக்டர் கத்துவாரு, பேனாவ நீட்டுவேன். அதுக்கெல்லாம் சேத்து இப்பப் படிக்கறேன்.”

அடுத்த சனிக்கிழமை எனக்கும் ஒரு நாற்காலி போடுவதாகச் சொன்னார்.

4 நவம்பர், சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

10.20க்கு ஒரு அம்மா வந்தார். பெயர் ராசாமணி. முப்பத்தெட்டு வயது. வலது கையை முந்தானையில் சுற்றியிருந்தார். ஹசீனா கண்ணைக் காட்ட, நான் பேனாவை எடுத்தேன்.

காங்கயம் பக்கம் எண்ணெய் மில். எட்டு பேர் வேலை. ஜூலை 18ஆம் தேதி எக்ஸ்பெல்லரில் கொப்பரை தள்ளும்போது வலது கையில் நான்கு விரல் போய்விட்டது. நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் ஆணையரிடம் மனு போட்டிருக்கிறார். மில்காரர் மறுத்திருக்கிறார். பாதுகாப்புக்கு வைத்திருக்கும் மூடியைத் தொழிலாளியே தெரிந்து கழற்றியிருந்தால், இந்த மாதிரிக் காயத்துக்கு நஷ்டஈடு இல்லை என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைத்தான் பிடித்திருக்கிறார். விசாரணை நவம்பர் 22.

எழுதியதைப் படித்தேன்: “எக்ஸ்பெல்லரின் உட்செலுத்து வாயில் பாதுகாப்புக் கம்பி மூடி இல்லாத நிலையில் இயக்கப்பட்டபோது…”

“இது ஆரு சொன்னதுங்க?” என்றார்.

“நீங்க சொன்னதுதாங்க.”

“நானெங்கீங்க இப்படிச் சொன்னேன். நான் சொன்னது, மிசினு வாய் தொறந்து கெடந்துச்சுன்னு.”

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.

“மூடி எப்ப இருந்து இல்லீங்க?”

“சித்திரைல இருந்துங். அதுக்கு முன்னால கம்பி போட்டு மூடி இருந்துச்சு. பெரிய கொப்பரையா இருந்தா கம்பீல சிக்கிக்கும், குச்சியில குத்தி உடோணும். கம்பெனீல இருந்து ஒரு தம்பி வந்து கழட்டி மூலைல சாத்தி வச்சுட்டுப் போச்சு. நான் களத்துல கொப்பரை காயப் போட்டுட்டிருந்தேன், மூஞ்சி பாக்கல. ஊதாச் சட்ட. அப்புறம் அது மூலைலயேதான் கெடந்துச்சு. நாங்க ஆரும் தொடலீங்க, சாமி சத்தியமா.”

எங்கள் கம்பெனிச் சட்டை ஊதா நிறம்.

இரண்டாம் முறை படித்தேன். ‘சாமி சத்தியமா’வை விட்டுவிட்டீர்கள் என்றார். சேர்த்தேன். மூன்றாம் முறை படித்தபோது கண்ணை மூடிக் கேட்டார்.

“ஆமாங் சாமி. இதுதான் நான் சொன்னது.” அப்புறம் ஹசீனாவிடம், “அம்மிணி, கை போன நாள்ல இருந்து இத ஆரும் கடைசி வரைக்கும் கேக்கலீங்க. பாதீலயே அவியளாப் பேச ஆரம்பிச்சர்றாங்க,” என்றார்.

இடது கைப் பெருவிரலை மைப் பெட்டியில் அழுத்தி ஒற்றினார். கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் அது வலது கையில்.

அவர் கொண்டுவந்த ஃபைலில் பதினான்காம் பக்கம் இயந்திர ஆய்வு அறிக்கை. “பாதுகாப்பு மூடி தொழிலாளியால் அகற்றப்பட்டிருந்தது. இயந்திரத்தில் குறைபாடு இல்லை.” ஆய்வு நேரம் நாற்பது நிமிடம். கீழே சர்வீஸ் இன்ஜினியரின் சுருக்கொப்பம். கிறுக்கலாகத்தான் இருக்கிறது, யாருக்கும் படிக்க வராது.

ஃபைலை மூடி நாடாவைக் கட்டினேன்.

5 நவம்பர், ஞாயிறு

துணி துவைத்தேன்.

6 நவம்பர், திங்கள்

நான்கு மணி மேசைக்குப் போகவில்லை. ஹசீனா கேன்டீனுக்கே தேடிக்கொண்டு வந்தார். நான் அந்த வாக்குமூலத்தை இன்னும் பலமாக எழுதிக் கொடுக்கிறேன், இயந்திரத்தின் வரைபடம் போடுகிறேன், மூடியை யார் கழற்றினார்கள் என்பதை நட்டு போல்ட்டை வைத்தே நிரூபிக்கலாம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

“எந்த போல்ட்டு எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

டீயை ஓரமாக நகர்த்தி வைத்தேன். பிறகு சொன்னேன். ஊதாச் சட்டை நான்தான். பதினான்காம் பக்கமும் நான்தான்.

திட்டுவார் என்று நினைத்தேன். முகம் மட்டும் மாறியது. வார்டில் மோசமான ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அப்படித்தான் இருந்திருப்பார்.

“இனிமே அந்த ஃபைலைத் தொடாத. வரைபடம், மண்ணாங்கட்டி ஒண்ணும் வேண்டாம். நீ அவங்களுக்கு எழுதிக் குடுக்கற ஆளு இல்ல. நீ சாட்சி. வக்கீல்கிட்ட நான் இன்னிக்கே சொல்லணும், சொல்லிருவேன். உனக்கு என்ன வரும்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன். பொய் அறிக்கைன்னு என் மேல கேஸ் வரலாம். ஓசூர் போயிரும்.”

“கறுப்புக் கோட்டுப் போடற அன்னிக்கும் எவனாச்சும் இத எடுத்து நீட்டுவான்.”

“ம்.”

“சனிக்கெழம அவங்க வருவாங்க. வக்கீலும் இருப்பாரு. அவங்ககிட்ட நீ சொல்லு. மேசை விதிப்படி.”

8 நவம்பர், புதன்

சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். ஐந்து தாள் போனது. முதல் தாளில் மூடி இல்லாமலே இருக்கட்டும் என்று மில் ஓனர் சொன்னார். இரண்டாவதில் எம்.டி. ஃபோனில் அவசரப்படுத்தினார். மூன்றாவதில் படிவத்தில் கட்டம் இல்லை. எதுவும் முழுப் பொய்யில்லை. எதிலும் நான் இல்லை.

மதிப்பெண் தாளையும் கூட்டினேன். ஐம்பதுக்கு முப்பத்தொன்று. இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஓட்டை மின்விசிறிக்குக் கீழே அறுபது பேர் உட்கார்ந்து, எதிரில் இருப்பவன் சொன்னதை அவன் ஒப்பும்படி சொல்லப் பழகுகிறார்கள். வக்கீலாகப் போகிறவனும் நாளைக்கு நீதிபதியாகப் போகிறவனும் அதே மேசையில். இதை அளக்க என்னிடம் கருவி இல்லை. இன்ஜினியரிங் கல்லூரியில் நான்கு வருடம் இருந்தேன். இயந்திரத்துக்கு முன்னால் யார் நிற்பார் என்று ஒரு நாளும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

11 நவம்பர், சனி

நாளை தீபாவளி. கல்லூரியில் ஆளே இல்லை. மையத்தில் நாங்கள் நான்கு பேர்: ராசாமணியம்மா, வக்கீல், ஹசீனா, நான்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ராசாமணியம்மா என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று போட்டிருந்தது வெள்ளை.

ஹசீனா அவரிடம், “அக்கா, இந்தத் தம்பி என்ன சொல்லுச்சுன்னு நீங்க சொல்லுங்க. சரியா இருந்தா அது ஆமாங்கும்,” என்றார்.

அவர் என்னைப் பார்த்தே சொன்னார்.

“ஓனரு கழட்டச் சொன்னாரு. நீங்க சின்னப் பையன், வேலைக்கு வந்தவரு, கழட்டுனீங்க. செரிதானுங்களா?”

எவ்வளவு எளிதாக இருந்தது. தலையை ஆட்டியிருக்கலாம்.

“இல்லீங்க. ஓனர் சொல்லல. எண்ணெய் கூட வருமான்னு பாக்க நானாத்தான் கழட்டுனேன். கூட வந்துச்சு. இப்படியே இருக்கட்டும்னு ஓனர் சொன்னது அப்புறம்தான். அடுத்த சர்வீஸ்ல மாட்டிக்கலாம்னு நான்தான் சொன்னேன்.”

“செரி.” முந்தானையை இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டார். “நீங்களாக் கழட்டுனீங்க. அப்புறம் மறந்துட்டீங்க. நூறு மிசினு பாக்கற ஆளு. எங் கை போனப்ப வந்து பாத்தீங்க, ஆரு கழட்டுனாங்கன்னு உங்களுக்கு நெனப்பு இல்ல. அதனால எம்மேல எழுதிப் போட்டீங்க.”

இது முதலில் சொன்னதைவிடப் பெரிய கதவு. வக்கீல் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இல்லீங்க,” என்றேன்.

விதிப்படி அடுத்தது அவர் சொல்ல வேண்டும். வெளியே யாரோ சரவெடி வைத்தார்கள். அது முடியும்வரை காத்திருந்தார்.

“நெனப்பு இருந்துச்சு,” என்றார். “மூடி அதே மூலைல இருந்தத நீங்க பாத்தீங்க. ஆரு கழட்டுனதுன்னு தெரியும். தெரிஞ்சே எம்மேல எழுதுனீங்க.”

“ஆமா.”

என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு துல்லியமாக ஒன்றைச் சொன்னதில்லை. மூன்றே வாக்கியம். நான்கு மாதமாக நான் எழுதிப் பார்த்து வராத அறிக்கை.

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வக்கீலிடம், “எழுதிக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் என்னிடம்:

“அங்கயும் வந்து இதையே சொல்லுவீங்களா?”

“சொல்லுவேங்க.”

“இப்பச் சொல்லுவீங்க. அங்க ஓனரு எதுக்கால உக்காந்திருப்பாரு.”

“சொல்லுவேங்க.”

“பாக்கலாம்.” எழுந்தார். பஸ் பன்னிரண்டேகாலுக்கு. வாசலில் செருப்பைத் தேடும்போது ஹசீனாவிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்கவும் இல்லை, அது எனக்குச் சொன்னதல்ல.

செய்ய வேண்டியவை:

1. இன்றே எம்.டி.யைக் கூப்பிட்டுச் சொல்வது. அடுத்தவர் வாயால் அவருக்குத் தெரியக் கூடாது. கத்துவார். கத்தி முடித்ததும் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஆமா வாங்குவது.

2. ஓசூருக்கு வரவில்லை என்று எழுதுவது. இரண்டு வரி போதும், காரணம் ‘சலிப்பு’ இல்லை.

3. வீட்டில் சொல்வது. அப்பா இருக்கும்போது.

4. ராசாமணியம்மாவின் ஃபைல் இருக்கும் அலமாரிப் பக்கம் போகாமல் இருப்பது.

5. எனக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பார்ப்பது. ஹசீனா சொன்னது. சரிதான்.

6. திங்கள் நான்கு மணி மேசையில் மில்காரர் தரப்பை யாராவது பேசும்படி கேட்பது. அவர் சொல்வதையும் முழுதாகக் கேட்டாக வேண்டும்.

7. 22ஆம் தேதி காலை பத்துக்குள் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். குறுக்கு விசாரணையில் மில்காரரின் வக்கீல் கட்டாயம் கேட்பார்: அறிக்கை எழுதியபோது பொய் சொன்னீரா, இல்லை இப்போது பொய் சொல்கிறீரா? விளக்கம் எதுவும் தொடங்காமல் ஒரே சொல்லில் பதில் சொல்வது: அப்போது.